கோழி உரிக்கிறவங்களுக்கும் நாலு வரி எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

ஆலப்புழா பக்கம் வாத்து சாகுது, பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்தாலே 'சிக்கன் சாப்பிடலாமா, ஆஃப்பாயில் சாப்பிடலாமா'ன்னுதான் எல்லாப் பேப்பர்லயும் வருது. நல்லா வேகவச்சா 70 டிகிரி சூட்டுலயே வைரஸ் செத்துரும், அது சரிதான், ஆனா வேகறதுக்கு முன்னாடி அந்தக் கோழிய தொடுறவங்களுக்கு யாரும் எழுத மாட்டேங்கிறீங்க.

எங்க வீட்டுக்காரர் கோழிக்கடை வச்சிருக்காரு. கழுத்தறுத்து ட்ரம்ல போட்டு மூடினா உள்ள படபடன்னு அடிச்சுக்கும், மூடிய திறந்தா ரத்தமும் இறகுத் தூசும் மூஞ்சிலயே அடிக்கும், அதே கையால வேர்வைய துடைப்பாரு, கண்ணைக் கசக்குவாரு. நோய் வந்த கோழியோட எச்சில், சளி, எச்சம் எல்லாத்துலயும் வைரஸ் இருக்கும், காஞ்ச எச்சம் தூசா பறந்தா மூச்சுலயும் போகும். நம்ம மூக்கு தொண்டையில அது லேசுல ஒட்டாது, அதனாலதான் மனுஷங்களுக்கு ரொம்ப அபூர்வமா வருது, ஆனா நுரையீரலோட அடிவரைக்கும் எறங்கிடுச்சுன்னா அங்க பிடிச்சுக்கும், ஹெச்5என்1ங்கிற இந்தப் பறவைக் காய்ச்சல் வைரஸ் உறுதியானவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்திருக்காங்க.

2025 மார்ச்ல ஆந்திரா பல்நாடு மாவட்டத்துல ரெண்டு வயசுக் குழந்தை இதே ஹெச்5என்1ல இறந்துச்சே, வீட்டுல கறி வெட்டும்போது ஒரு பச்சைத் துண்டு வாயில போனதாத்தான் செய்தி. அதே கறிய கொழம்பு வச்சு சாப்பிட்ட மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. படிச்சதுலேருந்து மனசே ஆறல, நானும் கறி கழுவும்போது பிள்ளைங்கள பக்கத்துல உக்கார வச்சவதான்.

ஹாங்காங்ல 1997ல 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தப்ப உயிர்க்கோழி விக்கிற சந்தைங்களத்தான் மொதல்ல கவனிச்சாங்க, பத்து லட்சத்துக்கும் மேல கோழிய அழிச்சாங்க, அப்புறம் மாசம் ஒரு நாள் கடைய காலி பண்ணி கழுவணும்னு சட்டம் போட்டாங்க, ராத்திரி உயிர்க்கோழி வைக்கக் கூடாதுன்னும் கொண்டு வந்தாங்க. இங்க எங்க தெருக்கடைங்கள்ல கூண்டு காலியாகறதே கெடையாது, பழைய கோழி மேலயே புது லோடு எறங்குது.

அதனால அடுத்த தடவை செய்தி போடும்போது மாஸ்க், கிளவுஸ் போட்டு உரிக்கணும், சோப்பு போட்டு கை கழுவணும், கோழி திடீர்னு கொத்தா செத்தா மலிவா கெடைக்குதேன்னு வாங்காம கால்நடை டாக்டருக்கு சொல்லணும், காய்ச்சல் இருமல் வந்தா நான் கோழிக்கடைல வேலை பாக்கறேன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்னு பெரிய எழுத்துல போடுங்க. எங்க கடையில பேப்பரை மடிச்சு கல்லாவுக்கு மேலதான் வைப்பாரு, அவரும் பாப்பாரு, வேலைக்கு வர்ற பசங்களும் பாப்பாங்க.

இப்படிக்கு
கோழிக்கடைக்காரர் மனைவி, ஈரோடு மாவட்டம்