துரை பங்களாவின் கூரைக்குள் இருப்பது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளைக்கார நிர்வாகி குடியிருந்த துரை பங்களாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அந்தக் கட்டடம் இங்கிலாந்துச் சீமான்களின் கிராமத்து மாளிகையை அப்படியே பார்த்துக் கட்டியது என்று எழுதியிருப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அந்த பங்களாவின் முன்வாசல் வழியாக நான் ஒரு நாளும் போனதில்லை. கூரை வழியாகப் போயிருக்கிறேன். என் அப்பா அந்தத் தோட்டத்து ஆசாரி. பிறகு நானும் அதே உளியைப் பிடித்தேன்.

என் மகள் நாட்டிங்ஹாமில் தாதியாக இருக்கிறாள். 2018இல் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, பக்கத்து டெர்பிஷயர் மாவட்டத்தில் உள்ள ஹார்ட்விக் ஹால் என்ற மாளிகைக்கு அழைத்துப் போனாள். எலிசபெத் என்ற பிரபு குலத்துச் சீமாட்டி 1590இல் தொடங்கி 1597இல் குடிபுகுந்த வீடு. பெஸ் என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரிகிறது. நான்கு கணவர்களைக் கட்டி நால்வரையும் வழியனுப்பிவைத்தவர். அறுபதைத் தாண்டிய வயதில் இப்படி ஒரு வீடு கட்டக் கிளம்பியிருக்கிறார்! ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பெரிதாக வெட்டி நிறுத்தியிருக்கிறார். நான் போன அன்று மழை. அந்த எழுத்துகளுக்கு நடுவே வானம் சாம்பலாகத் தெரிந்தது.

சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று அந்த வீட்டைப் பற்றி ஒரு சொலவடையே உண்டு. அந்தக் காலத்தில் கண்ணாடி பொன் விலை. பெஸ் அம்மையாருக்குச் சொந்தக் கண்ணாடிப் பட்டறை இருந்ததால் வாரி இறைக்க முடிந்தது. மூன்று அடுக்கு. மேலே ஏற ஏறக் கூரையும் சன்னலும் உயர்ந்துகொண்டே போகின்றன. கீழே வேலைக்காரர்கள், நடுவில் வீட்டம்மா, உச்சியில் ராஜ விருந்தினர்களுக்கான மண்டபங்கள். அங்கே சுமார் 50 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் இருக்கிறது. மழை நாளில் உலாவுவதற்காம். எங்கள் லயத்தில், அதான் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், பத்து வீடுகளை வரிசையாக வைத்தால்தான் அந்த நீளம் வரும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு சன்னல் வைத்தால் சுவர் எப்படி நிற்கும்? குளிருக்கு அறைதோறும் அடுப்பு மூட்டியிருக்கிறார்களே, அந்தப் புகைபோக்கிகளை எங்கே வைத்தார்கள்? சுற்றிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. புகைபோக்கிகளை எல்லாம் வீட்டின் உட்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளிச்சுவருக்கு அந்தப் பாரம் இல்லை. அதனால் கண்ணாடிக்கு இடம் கிடைத்தது. வெளிப்பார்வைக்கு வரிசை தப்பக் கூடாது என்று சில இடங்களில் பொய்ச் சன்னல்கூட வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் வெறும் சுவர். வேடிக்கை என்னவென்றால், வெயிலை வரவேற்கக் கட்டிய அந்த வீட்டில் இன்று திரையை இறக்கி வைத்திருக்கிறார்கள். சுவரில் தொங்கும் பழைய சித்திரத் துணிகள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடுமாம். அந்தத் துணிகளை அம்மையார் 1592இல் இன்னொரு பிரபு வீட்டிலிருந்து வாங்கியபோது, பழைய குலச்சின்னத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லி 5 பவுண்டு குறைத்துக் கொடுத்திருக்கிறார். பிறகு அந்தச் சின்னத்தில் இருந்த பெண் மானுக்குக் கொம்பு வைத்து ஆண் மானாக்கித் தம் குலச்சின்னமாக மாற்றிக்கொண்டார். எங்கள் ஊர் இரவுச் சந்தையில் விட்டால் நன்றாகப் பிழைத்திருப்பார்.

இப்போது நம் துரை பங்களாவுக்கு வாருங்கள். ஆறடிச் செங்கல் தூண்களின் மேல் பலகைத் தளம். நான்கு புறமும் தாழ்வாரம். மழைச்சாரல் உள்ளே வராதபடி இறங்கிய கூரை. பலகைகளைச் சாய்த்து அடுக்கிய சன்னலில் காற்று வரும், வெயில் வராது. குசினி தனியாகப் பின்னால், மூடிய நடைபாதையோடு. ஹார்ட்விக்கில் வெயிலுக்காக ஏங்கிக் கட்டினார்கள். இங்கே வெயிலுக்குப் பயந்து கட்டினார்கள். தூண் மேல் நிற்பது மலாய்க் கம்பத்து (கிராமத்து) வீட்டின் அறிவு. பங்களா என்ற சொல்லே வங்காளத்துக் குடிசையிலிருந்து வந்தது. நகல் பார்க்க வேண்டுமானால் கேமரன் மலைக்குப் போகட்டும். வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டம் அடித்த வீடுகள் அங்கே உண்டு. அந்தக் குளிருக்கு அது பரவாயில்லை.

ஒன்றை மட்டும் துரைமார் அங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். மேட்டில் துரை, சரிவில் பெரிய கிராணி என்ற தலைமை எழுத்தர், பள்ளத்தில் லயம். ஹார்ட்விக்கில் மாடிப்படியில் ஏறிய அந்தஸ்தை இங்கே குன்றில் ஏற்றினார்கள்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது வேறொன்று. ஹார்ட்விக்கை வரைந்தவராகச் சொல்லப்படும் ராபர்ட் ஸ்மித்சன் கொத்தனாராகத் தொழில் தொடங்கியவர். 1614இல் இறந்த அவருடைய நினைவுக்கல் என் மகள் வீட்டுக்கு அருகில் வுல்லட்டன் தேவாலயத்தில் இருக்கிறது; கட்டடக் கலைஞர் என்றே அதில் வெட்டியிருக்கிறார்கள். ஹார்ட்விக்கில் கல் கொத்திய ரோட்ஸ் சகோதரர்களின் பெயர்கூட அம்மையாரின் கணக்கேட்டில் நிற்கிறது. உங்கள் கட்டுரையில் இரண்டு துரைமாரின் பெயர் இருக்கிறது. கட்டியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

1961இல் அந்தக் கூரையைப் பிரித்துப் போட்டபோது எனக்குப் பதினொரு வயது. செங்கால் என்ற கடின மரத்துச் சட்டங்களைக் கீழேயே பொருத்திப் பார்த்து, மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் அப்பா உளியால் ௧, ௨, ௩ என்று தமிழ் எண் வெட்டினார். ஏழாம் எண்ணை வெட்டியது நான். சற்றுக் கோணலாக இருக்கும். கூரைக்குள் ஏறினால் இன்றும் பார்க்கலாம்.

பங்களாவை இடிக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதற்கு முன் உங்கள் படப்பிடிப்பாளரை இன்னொரு முறை அனுப்புங்கள். காலையில் வரச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் தகரத்தின் அடியில் நிற்க முடியாது. ஏணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆசாரி மகன்,
சுங்கை சிப்புட், பேராக்.