சர்வரைப் பெரிதாக்கும் முன் குவெரிகளை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகள், கொலுசுப் பட்டறைகள், அம்மாபேட்டை ஜவுளிக்காரர்கள், ஏற்காட்டு விடுதிகள் எனப் பலரும் ஆர்டரையும் முன்பதிவையும் இணையச் செயலியில் போடத் தொடங்கி நாளாகிறது. செயலி வந்த புதிதில் பட்டியல் சட்டென்று திறக்கும். பதிவுகள் சேரச் சேர அதே பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். கேட்டால், "சர்வர் பத்தலைங்க, பெரிசா எடுக்கணும்" என்ற பதில் வருகிறது. மாத வாடகை கூடுகிறது, பக்கம் மட்டும் வேகமாவதில்லை. பல செயலிகளில் கோளாறு இருப்பது மாடல்களுக்கு (டேட்டாபேஸ் அட்டவணைகளைக் குறிக்கும் நிரல் பகுதிகளுக்கு) இடையே உறவு கட்டிய இடத்தில்; அங்கே தேவையில்லாத குவெரிகள், அதாவது பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸிடம் செயலி கேட்கும் கேள்விகள், ஓடுகின்றன. இதைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் செலவு பிடிக்கும் வேலை இல்லை என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

ரூபி ஆன் ரெயில்ஸ், ஜாங்கோ, லாராவெல் ஆகியவை இணையச் செயலி எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்குகள். இம்மூன்றிலும் டேட்டாபேஸின் ஓர் அட்டவணைக்குப் பொதுவாக ஒரு மாடல் உண்டு. ஓர் ஆர்டருக்கு ஒரு வாடிக்கையாளர், ஓர் ஆர்டருக்குப் பல உருப்படிகள் என்று உறவை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். பிறகு ஆர்டரிடம் வாடிக்கையாளர் பெயரைக் கேட்டால் போதும், எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் குவெரியை ஃப்ரேம்வொர்க்கே எழுதி அனுப்பிப் பதில் வாங்கித் தரும். ஆனால் கேட்கும் நேரத்தில்தான் அனுப்பும். 50 ஆர்டர் உள்ள பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் பெயர் காட்டினால், பட்டியலுக்கு 1 குவெரி, பெயர்களுக்கு 50 குவெரி. உருப்படி எண்ணிக்கையையும் சேர்த்தால் இன்னொரு 50. ஆக 101. மென்பொருள்காரர்கள் இதை 'என் பிளஸ் ஒன்' (N+1: பட்டியலுக்கு 1, அதன் N வரிகளுக்கு N குவெரி) என்பார்கள்.

ஏற்காட்டில் கடை வைத்திருப்பவர் மலையடிவாரத்துச் சேலம் லீ பஜாரில் 50 சாமான் வாங்க வேண்டும். ஒரே சிட்டையில் எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பினால் ஒரு நடையில் முடியும். சாமானுக்கு ஒரு நடை என்றால் 20 கொண்டை ஊசி வளைவையும் 50 தடவை இறங்கி ஏற வேண்டும். கடைக்காரர் எவ்வளவு சுறுசுறுப்பாக எடுத்துக் கொடுத்தாலும் அந்த நடை குறையாது. டேட்டாபேஸும் அப்படித்தான். ஒரு குவெரிக்கு அரை மில்லிசெகண்டில் விடை எடுத்துவிடலாம். ஆனால் செயலி ஓர் ஊரிலும் டேட்டாபேஸ் வேறோர் ஊரிலும் இருந்து, போய்வர 10 மில்லிசெகண்ட் ஆகும் என்றால், 101 குவெரிக்கு ஒரு செகண்டுக்கு மேல் வழியிலேயே கழிந்துவிடும். ஸ்லோ குவெரி லாகை (தாமதமான குவெரிகளைப் பதியும் கோப்பை) திறந்து பார்த்து "டேட்டாபேஸில் ஒன்றும் இல்லை" என்று பலர் முடிவுகட்டுவதும் இதனால்தான். ஒவ்வொரு குவெரியும் தனித்தனியே வேகமானது, ஆகவே அந்த லாகில் எதுவும் விழாது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் பயன்படுத்துபவர்கள் 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' இணைப்பைப் போட்டு, எந்தக் குவெரி எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற வரிசையில் பார்க்க வேண்டும். நேர வரிசையைவிட எண்ணிக்கை வரிசையில்தான் இந்தக் கோளாறு வெளிப்படும்.

செயலி எழுதுபவர் செய்ய வேண்டிய முதல் சோதனை மிக எளிது. சோதனை டேட்டாபேஸில் 10 ஆர்டர் வைத்துப் பக்கத்தைத் திறந்து குவெரிகளை எண்ண வேண்டும். பிறகு 20 ஆர்டர் வைத்து எண்ண வேண்டும். பக்கத்தில் வரிகள் கூடலாம், குவெரி எண்ணிக்கை கூடக் கூடாது. கூடினால் எங்கோ ஒரு உறவு சுற்றுக்குள் (லூப்), வரிக்கு ஒரு முறை கேட்கப்படுகிறது. இரண்டே பதிவுகளை வைத்துச் சோதித்துவிட்டுக் கையளிப்பதால்தான் இந்தத் தவறு கடைக்காரர் கைக்கு வந்த பிறகு தெரிகிறது. எண்ணுவதற்கும் இந்தக் கோளாறைச் சுட்டிக்காட்டுவதற்கும் கருவி இருக்கிறது. ஜாங்கோவுக்கு டீபக் டூல்பார், லாராவெலுக்கு டீபக்பார், ரெயில்ஸுக்கு 'புல்லட்' என்ற ஜெம் (ரூபி இணைப்பு நிரல்), எல்லாம் இலவசம். ரெயில்ஸ் 5.2 முதல், குவெரியைக் கிளப்பிய வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை டெவலப்மென்ட் லாகிலேயே காட்டச் செய்யலாம். ஊகிக்க வேண்டியதே இல்லை.

தீர்வு, சிட்டையை முன்கூட்டியே எழுதுவது. ரெயில்ஸில் 'இன்க்ளூட்ஸ்', லாராவெலில் 'வித்'. ஜாங்கோவில் ஒற்றை உறவுக்கு 'செலக்ட் ரிலேட்டட்', பன்மை உறவுக்கு 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்'. இவற்றைப் போட்டால் 50 வாடிக்கையாளர்களும் ஒரே குவெரியிலோ, பட்டியலோடு சேர்ந்த ஜாயினிலோ (இரு அட்டவணைகளைப் பொருத்தி ஒன்றாக எடுப்பதிலோ) வந்துவிடுவார்கள்.

இதைச் செய்தும் எண்ணிக்கை குறையவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். அப்போது பார்க்க வேண்டியது, முன்பே எடுத்து வைத்த உருப்படிகளை டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவைச் சொல்லும் கோப்பு) எப்படிக் கேட்கிறது என்பதை. ரெயில்ஸில் 'கவுன்ட்' என்று கேட்டால், உருப்படிகள் கையில் இருந்தாலும் டேட்டாபேஸுக்குப் போய்த்தான் எண்ணும். 'சைஸ்' என்று கேட்டால் கையில் இருப்பதை எண்ணும். லாராவெலில் உறவின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டு அழைத்தால் புதிய குவெரி. அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஏற்கெனவே எடுத்தது. ஒரு ஜோடி அடைப்புக்குறிக்காக 50 குவெரி! ஜாங்கோவில் ப்ரீஃபெட்ச் செய்த உறவின் மேல் 'ஃபில்டர்' வைத்தால், எடுத்து வைத்ததை ஒதுக்கிவிட்டு மறுபடி கேட்கும். ரெயில்ஸில் 'வேர்' வைத்தாலும் அதேதான். "டெலிவரி ஆகாத உருப்படிகள் மட்டும்" போன்ற நிபந்தனை இருந்தால், அந்த நிபந்தனையோடு தனி உறவு ஒன்றை எழுதி அதை முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஜாங்கோவில் 'ப்ரீஃபெட்ச்' ஆப்ஜெக்ட் இதற்கென்றே இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் லாராவெலின் 'வித் கவுன்ட்', எண்ணிக்கையை ஆர்டரிலேயே சேமித்து வைக்கும் ரெயில்ஸின் 'கவுன்டர் கேச்' உண்டு. கவுன்டர் கேச் வைத்துவிட்டு எக்செல் கோப்பிலிருந்து 'இன்செர்ட் ஆல்' மூலம் உருப்படிகளை மொத்தமாக ஏற்றினால் எண்ணிக்கை தவறிவிடும், ஏனென்றால் பதிவு சேரும்போது தானே ஓடும் கால்பேக்குகள் அப்போது ஓடாது. ஏற்றி முடித்ததும் கவுன்டரைத் திருத்தியாக வேண்டும்.

இதுவரை சொன்னது வேகம். அடுத்தது பணம் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாக.

ஆர்டரில் வெள்ளியின் கிராம் விலை பதிந்திருக்கிறது. ஒவ்வொரு கொலுசு உருப்படியும் தன் எடையை, தன் ஆர்டரிடம் கேட்ட விலையால் பெருக்கி, கூலி சேர்த்துத் தொகை சொல்கிறது. ஆர்டரில் 12 உருப்படி. ஆர்டர் கையில் இருக்கிறது, அதிலிருந்துதான் உருப்படிகளை எடுத்தோம். ஆனாலும் உருப்படி "என் ஆர்டர் எது?" என்று கேட்கும்போது, அது நம் கையில் இருக்கும் அதே ஆர்டர்தான் என்று ஃப்ரேம்வொர்க்குக்குத் தெரியாமல் போகலாம். தெரியாவிட்டால் அதே ஆர்டருக்காக 12 முறை கேட்கும். லாகில் ஒரே ஐடியோடு ஒரே குவெரி வரிசையாக நிற்பதுதான் அடையாளம்.

ரெயில்ஸ் எளிய உறவுகளில் இரு முனைகளையும் தானே பொருத்திக்கொள்ளும். ஃபாரின் கீயின் (உருப்படி எந்த ஆர்டருக்கு உரியது என்று காட்டும் பத்தியின்) பெயரை நாமே கொடுத்திருந்தால், 'த்ரூ' வழியாக (நடுவில் இன்னோர் உறவைக் கடந்து) போனால், 7.0-க்கு முந்தைய அமைப்புகளில் உறவில் ஸ்கோப் (கூடுதல் நிபந்தனை) வைத்திருந்தால், பெரும்பாலும் அந்த ஊகத்தைச் செய்யாது. பழைய பில்லிங் மென்பொருளின் அட்டவணைகள் மேல் புதுச் செயலி கட்டும்போது ஃபாரின் கீ பெயர் மாறியேதான் இருக்கும். ஆகவே அங்கே இது தவறாமல் வரும். உறவில் 'இன்வர்ஸ் ஆஃப்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீரும். லாராவெலில் இதற்கு நெடுநாள் வழி இல்லாமல் இருந்தது. 11-ஆம் பதிப்பில் 'சாப்பரோன்' வந்தது. ஜாங்கோ ஃபாரின் கீயின் மறுமுனையைத் தானே நிரப்பிவிடும்.

"ரெயில்ஸில் குவெரி கேச் இருக்கிறதே, ஒரே குவெரி ஒரு ரிக்வெஸ்டில் இரண்டாம் முறை டேட்டாபேஸுக்குப் போகாதே" என்று சொல்வார்கள். உண்மை. ஆனால் விடை கேச்சிலிருந்து வந்தாலும் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் (பதிவின் புது நகல்) உருவாகும். கையில் உள்ள ஆர்டரில் விலையை மாற்றி, இன்னும் சேமிக்காமல் தொகையைக் கூட்டிக் காட்டுகிறோம் என்று வையுங்கள். 12 உருப்படிகளும் டேட்டாபேஸில் கிடக்கும் பழைய விலையைக் கொண்டுவந்து கணக்குப் போடும். திரையில் மேலே புது விலை, கீழே பழைய விலையில் மொத்தம். வெள்ளி விலை தினமும் மாறும் தொழிலில் இதை வேகக் குறைபாடாக மட்டும் பார்க்கக் கூடாது. கணக்குப் பிழை இது. குவெரிகளைக் கவனித்தால் பிழையும் சேர்ந்து பிடிபடும்.

மறுபக்கத் தவறும் உண்டு. பயந்துகொண்டு எல்லா உறவையும் ஒரே ஜாயினில் இழுப்பது. ஓர் ஆர்டருக்கு 10 உருப்படி, 5 தவணை வரவு என்றால், இரண்டையும் ஒரே ஜாயினில் சேர்க்கும்போது ஆர்டருக்கு 50 வரிசை வரும்; 50 ஆர்டருக்கு 2,500 வரிசை. தனித்தனிக் குவெரியாக எடுத்தால் 50, 500, 250, மொத்தம் 800 வரிசைதான். ரெயில்ஸில் இதற்கு 'ப்ரீலோட்' இருக்கிறது. போஸ்ட்கிரஸ் ஃபாரின் கீ வைத்த பத்திக்குத் தானாக இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் குறிப்பு) போடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி சேமிப்பு எஞ்சின் போட்டுவிடும்.

சரிசெய்த பக்கம் மறுபடி கெடாமலிருக்கக் காவல் தேவை. ரெயில்ஸ் 6.1-இல் வந்த 'ஸ்ட்ரிக்ட் லோடிங்', லாராவெலின் 'பிரிவென்ட் லேசி லோடிங்' இரண்டும், முன்கூட்டி எடுக்காத உறவைக் கேட்டதுமே பிழை எழுப்பும். எழுதும் கட்டத்திலும் சோதனையிலும் இதைப் போட்டுவைக்கலாம். கடை நேரத்தில் பக்கம் நின்றுவிடாதபடி புரொடக்‌ஷனில் லாகில் பதிய மட்டும் வைக்கலாம். ஜாங்கோவின் 'அசெர்ட் நம் குவெரீஸ்', ரெயில்ஸ் 7.2-இன் 'அசெர்ட் குவெரீஸ் கவுன்ட்' கொண்டு, இந்தப் பக்கத்துக்குச் சரியாக 4 குவெரிதான் ஓட வேண்டும் என்று டெஸ்டிலேயே எழுதிவிடலாம்.

செயலி வாங்கும் வியாபாரிகளுக்கும், கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் பார்க்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன் ஒரு தாள் கேளுங்கள். முக்கியமான ஐந்து பக்கங்களின் பெயர். ஒவ்வொன்றிலும் 20 பதிவு இருக்கும்போது எத்தனை குவெரி, 200 பதிவு இருக்கும்போது எத்தனை. பக்கத்துக்கு 50 வரி என்று வெட்டிக் காட்டும் பட்டியலாக இருந்தால், அந்த வரம்பை எடுத்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள். இல்லையென்றால் வித்தியாசம் மறைந்துவிடும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கும் பக்கத்துக்குப் பணம் கொடுங்கள். மாறியிருக்கும் பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இணையச் செயலிப் பணியிலுள்ள வாசகர்கள்,
ஜாகிர் அம்மாபாளையம், சேலம்.