படகில் பொருத்திய விஎச்எஃப் செட் பேசாமல் போனது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பைபர் படகு உரிமையாளர்,
ஆறுகாட்டுத்துறை, வேதாரண்யம் வட்டம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: விஎச்எஃப் செட், ஆண்டெனா பொருத்தியதில் குறை; வாரண்டி மறுப்பு.

ஐயா,

வணக்கம். கடந்த ஐப்பசியில் உங்கள் நிறுவனத்தின் விஎச்எஃப் வயர்லெஸ் செட் ஒன்றை நாகப்பட்டினத்தில் உள்ள உங்கள் டீலரிடம் வாங்கினேன். செட், ஆண்டெனா, கேபிள், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 26,300 ரூபாய். பொருத்தியதும் டீலர் அனுப்பிய உங்கள் ஆள்தான். மாசி மாதம் ஒரு ராத்திரி என் படகு கடலில் நின்றுபோனபோது அந்த செட்டில் மற்றவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் பேசியது ஒருவருக்கும் போகவில்லை. உங்கள் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை நேரில் வந்தேன், நான்கு முறை போன் செய்தேன். சரியான பதில் கிடைக்கவில்லை. அதனால் நடந்தது எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

இந்தச் செட்டை நான் ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலருக்கு நடுக்கடலில் செய்தி போய்ச் சேரவில்லை. அடுத்த வருஷம், 2018 நவம்பர் 16ஆம் தேதி, கஜா எங்கள் பக்கமே கரையேறியது. கரையில் ஏற்றிக் கட்டியிருந்த என் பழைய படகு இரண்டாகப் பிளந்து கிடந்தது. கடன் வாங்கிப் புதுப் படகு இறக்கினேன். அந்தக் கடனை அடைத்து முடித்ததும் என் மனைவி கேட்டது நகை இல்லை, வீட்டுக்கு ஓடு மாற்றுவது இல்லை. "முதல்ல ஒரு வயர்லெஸ் செட் வாங்கிப் போடுங்க" என்றாள். அந்தப் பணம்தான் உங்களிடம் வந்தது.

அன்று சாயங்காலம் நான், என் மச்சான், அண்ணன் மகன் மூன்று பேரும் கிளம்பினோம். கோடியக்கரைக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு நாட்டிகல் மைலில் வலை விட்டோம். ராத்திரி ஒரு மணிக்கு மேல் பாதி வலை ஏறியிருக்கும்போது எஞ்சின் திணறி நின்றது. டீசலில் தண்ணீர். என்னென்னவோ செய்து பார்த்தோம், பிடிக்கவில்லை. நங்கூரம் போட்டோம், அடியில் சேறு, அதுவும் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது. வாடைக்காற்று தெற்கே தள்ளியது. அங்கிருந்து தெற்கே போனால் என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லை தாண்டியதாகப் பிடித்துவிட்டால் படகை மறந்துவிட வேண்டியதுதான். ஆள் எப்போது வீடு திரும்புவான் என்றும் சொல்ல முடியாது.

செல்போனில் கோடு இல்லை. இருந்திருந்தால் கடலோரக் காவல்படையின் 1554ஐ அடித்திருப்பேன். கையில் இருந்தது உங்கள் செட் மட்டும்தான்.

டார்ச் அடித்துப் பார்த்து, ஆபத்தில் கூப்பிடும் 16ஆம் சேனலில் வைத்தேன். பவர் 1 வாட்டில் இல்லாமல் 25 வாட்டில் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். கடலோரக் காவல்படையினர் ஊரில் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்த மாதிரியே மைக்கை அழுத்தி, ஆபத்து என்பதற்குச் சொல்லும் மேடே என்ற வார்த்தையை மூன்று தடவை, படகின் பேரை மூன்று தடவை, ஜிபிஎஸ்ஸில் இருந்த டிகிரி, நிமிடம், எஞ்சின் நின்றுவிட்டது, தெற்கே அடித்துப் போகிறோம், மூன்று பேர் இருக்கிறோம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அழுத்தும்போது, பேச்சு வெளியே போகிறது என்று காட்டும் டிஎக்ஸ் என்ற எழுத்து திரையில் வந்தது. விட்டதும் போனது. செட் வேலை செய்கிறது என்றுதானே நினைப்போம்? ஒரு பதிலும் வரவில்லை. திரும்பச் சொன்னேன். அதற்கும் வரவில்லை.

அப்புறம் எங்கள் ஊர்ப் படகுகள் பேசிக்கொள்ளும் சேனலுக்கு மாற்றினேன். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் என் சின்ன மாமா மகனுடையது. நண்டு வலையில் பாசி ஏறிவிட்டது, காலையில் அலசுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவ்வளவு தெளிவாகக் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. அவன் பேச்சை விட்ட நேரம் பார்த்து "தம்பி, நான்தான்டா, கேக்குதா, எஞ்சின் நின்னு போச்சுடா" என்று கத்தினேன். அவன் பாசியைப் பற்றியே மேலே பேசினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் மச்சான் மைக்கை வாங்கிக் கூப்பிட்டார். நாங்கள் கூப்பிடக் கூப்பிட அவன் நண்டு வலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். மறுநாள் கணக்குப் பார்த்தபோது அவன் படகு எங்களுக்கு மூன்று மைலுக்குள் இருந்திருக்கிறது. அதைச் சொன்னதும் அவன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சிவப்புப் பொத்தானைப் பற்றியும் எழுத வேண்டும். பொருத்த வந்த உங்கள் ஆள், "ஆபத்துன்னா இந்த மூடியைத் தூக்கி அழுத்துங்கண்ணே, நீங்க எங்க இருக்கீங்கன்னு கரைக்குத் தானாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி மூடியைத் தூக்கி அழுத்திப் பிடித்தேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. அண்ணன் மகன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சித்தப்பா, இதுல நம்பரே போடலையாம்" என்றான். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பொத்தான் 70ஆம் சேனலில் டிஜிட்டலாகச் செய்தி அனுப்புவதற்கு. அது வேலை செய்ய எம்எம்எஸ்ஐ என்ற ஒன்பது இலக்க எண்ணை முறைப்படி விண்ணப்பித்து வாங்கி செட்டில் பதிய வேண்டும். நம் நாட்டுப் படகுகளுக்கு அது 419 என்று தொடங்கும். அந்த எண் இல்லாத செட்டில் சிவப்புப் பொத்தான் வெறும் பிளாஸ்டிக்தான். இதை விற்கும்போது டீலர் சொல்லவில்லை, பொருத்தும்போது ஆள் சொல்லவில்லை. புத்தகத்தில் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். தமிழ்நாட்டுக் கடற்கரையில் விற்கும் பொருளுக்குத் தமிழில் ஒரு தாள்கூடவா போட முடியாது?

விடிந்ததும் லைஃப் ஜாக்கெட்டைத் துடுப்பில் கட்டித் தூக்கிப் பிடித்தோம். எங்கள் ஊர்ப் படகு ஒன்று பார்த்துவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்து வந்தது. கரை சேர மத்தியானம் ஆகிவிட்டது. தண்ணீரில் இருந்த பாதி வலையை அறுத்துவிட வேண்டியதாயிற்று.

அந்த வாரமே நாகப்பட்டினத்தில் வயர்லெஸ் வேலை தெரிந்த ஒருவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். செட்டுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே, அனுப்பும் சக்தி திரும்பி வருகிறதா என்று அளக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை மாட்டினார். அளவு 1.5க்குள் இருந்தால் நல்லது என்றார். மைக்கை அழுத்தியதும் முள் கடைசிவரை போய் முட்டி நின்றது. செட் அனுப்பும் சக்தி ஆண்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வருகிறது என்று சொல்லிவிட்டு, ஆண்டெனாவின் அடியில் கேபிள் சேரும் இடத்தைப் பிரித்தார். அதன்மேல் சுற்றியிருந்தது வீட்டு வயரிங்குக்குச் சுற்றும் சாதாரணக் கறுப்பு டேப். அதை உரித்ததும் உள்ளிருந்து ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் மேஜையில் விழுந்தது. கனெக்டரைத் திருகிக் கழற்றினால் உள்ளே பின்னல் கம்பி பச்சை பூத்து, நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. நடுக்கம்பி கனெக்டரின் ஊசிக்குள் சும்மா செருகியிருந்தது. ஈயம் ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. இரண்டு விரலால் லேசாக இழுத்தார், கம்பி கையோடு வந்துவிட்டது.

பிறகு எப்படி அடுத்தவர் பேச்சு கேட்டது என்று கேட்டேன். பக்கத்துப் படகிலிருந்து வருவது பலமான அலை, அது அறுந்த கம்பி வழியாகக்கூட உள்ளே கசிந்துவிடும், வெளியே அனுப்பத்தான் இணைப்பு முழுசாக வேண்டும் என்றார். எனக்கு அதைக் கேட்டபோதுதான் நிஜமாகவே பயம் வந்தது. செட் அடியோடு செத்திருந்தால் கரையிலேயே தெரிந்திருக்கும், சரிசெய்யாமல் கடலுக்குப் போயிருக்க மாட்டோம். எத்தனை நாள் இப்படி ஊமையாக இருந்ததோ, அத்தனை நாளும் அதை நம்பித்தான் போனோம்.

பொருத்திய அன்றே உங்கள் ஆள் சோதித்துக் காட்டினார் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். எப்படிச் சோதித்தார் தெரியுமா? படகிலிருந்து முப்பது அடி தள்ளிக் கரையில் நின்றுகொண்டு, கையில் வைத்திருந்த வாக்கி டாக்கியில் "கேக்குதாண்ணே" என்றார். கேட்டது. அந்தத் தூரத்துக்கு ஆண்டெனாவே இல்லாமலும் கேட்கும். மீட்டர் மாட்டி அளக்கவில்லை. முப்பது மைல் பேசும் என்றும் சொன்னார். என் ஆண்டெனா தண்ணீருக்கு மேல் மூன்றரை மீட்டர் உயரம். இது நேர்கோட்டில் போகும் அலை. அதே உயரத்தில் ஆண்டெனா உள்ள இன்னொரு படகோடு சுமார் 8 நாட்டிகல் மைல்தான் பேசலாம், கரையில் உயரமான கோபுரம் இருந்தால் அதைவிடக் கூடுதலாகப் போகும் என்று அந்த நாகப்பட்டினத்துக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். எட்டு மைல் எங்களுக்குப் போதும் ஐயா. உள்ளதைச் சொல்லி விற்றிருக்கலாம்.

சர்வீஸ் சென்டருக்கு செட்டைத் துணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்தேன். முதல் முறை, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது என்றார்கள். செட்டின் பெட்டியில் நீங்களே ஐபிஎக்ஸ்7 என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது என்பதுதான் அதன் பொருள். அதைக் காட்டியதும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்துப் போனால் கொடுத்த தாளில், செட்டில் குறை எதுவும் இல்லை, கேபிள் இணைப்பில் உப்பு அரிப்பு, அது வாரண்டியில் வராது என்று எழுதியிருந்தது. மூன்று வாரத்தில் செட்டுக்குள் போன தண்ணீர் எங்கே போயிற்று? கேபிளும் உங்களுடையது, பொருத்தியவரும் உங்கள் ஆள், கூலியும் ரசீதில் இருக்கிறது. ஈயம் வைக்காமல் விட்டது கடலின் குற்றமா?

நாகப்பட்டினத்துக்காரர் புது கனெக்டர் போட்டு, ஈயம் வைத்து, ஒன்றோடொன்று தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றிக் கொடுத்தார். 350 ரூபாய் வாங்கினார். அதே செட்டில் இப்போது ஆறு மைலில் இருப்பவரோடு பேசுகிறேன். செட் நல்ல செட்தான், அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். பொருத்தும் கூலியையும், 350 ரூபாயையும், அறுத்துவிட்ட வலைக்கான தொகையையும் தர வேண்டும். புது ஆண்டெனாவும் கேபிளும் தந்து, வேலை தெரிந்த ஆளை அனுப்பி, என் கண்முன்னே மீட்டரில் அளந்து, அந்த அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எம்எம்எஸ்ஐ எண் வாங்க என்னென்ன தாள் வேண்டுமோ அதற்கு வழிகாட்டி, வந்ததும் செட்டில் பதிந்து தர வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அதே ஆள் எங்கள் ஊரில் மட்டும் ஏழு படகுகளில் செட் பொருத்தியிருக்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு மூன்று பேர் டேப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டில் ஈயம் இல்லை. புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் பக்கமும் அவர் வேலை செய்திருக்கிறார். அந்தப் படகுகள் இன்றைக்கும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. திரையில் டிஎக்ஸ் வருவதைப் பார்த்து அவர்களும் நம்பிக்கொண்டிருப்பார்கள். என் பணத்தை நீங்கள் யோசித்துத் தாருங்கள், பரவாயில்லை. டீலரின் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, அவர் பொருத்திய ஒவ்வொரு படகுக்கும் இந்த வாரமே ஆள் அனுப்புங்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் கூட வந்து படகுகளைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்கு வாங்கிய பொருள், நீங்கள் நுகர்வோர் இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனில் சொன்னார். சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் படகில் நானே போய் வலை இழுக்கிறேன்.

கழற்றிய கனெக்டரை பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். நகல் எடுக்க முடியாதது அது ஒன்றுதான், அதனால் அனுப்பவில்லை. வருகிற ஆளிடம் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பைபர் படகு உரிமையாளர்,
ஆறுகாட்டுத்துறை.

இணைப்பு: ரசீது நகல், வாரண்டி அட்டை நகல், சர்வீஸ் சென்டர் கொடுத்த தாளின் நகல், கனெக்டரின் போட்டோ மூன்று.