இரண்டாவது குவிஸுக்கு முன் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அப்பா வழக்கம்போல உன்னிடம் நேராகக் கேட்க வேண்டியதை எல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பட்டப்படிப்பைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். "எல்லா வீடியோவும் பார்த்தேன்மா, ஒண்ணுகூட விடல. பார்க்கும்போது எல்லாம் புரியுது. குவிஸ்ல போய் உட்கார்ந்தா ஒண்ணும் வரல." அதோடு நிறுத்தியிருந்தால் சரி. "எனக்கு இதெல்லாம் ஏறாதும்மா" என்றாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

உன் மண்டைக்கு ஒன்றும் இல்லை. பி.காம் படித்தவள், பகலெல்லாம் ஆபீஸில் பில் பார்த்துவிட்டு, நாலு வாரப் பாடத்தை ராத்திரியில் முடித்து, சென்டருக்குப் போய் எழுதித் தகுதித் தேர்வில் தேறினாய். ஐஐடி மெட்ராஸ் 2020இல் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சு. ஜேஇஇ நுழைவுத் தேர்வு இல்லாமல் ஐஐடியா, அப்படியென்றால் சும்மா பெயருக்குத்தான் இருக்கும் என்றார்கள். வாசலைத்தான் அகலமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே போனால் குவிஸும் கடைசிப் பரீட்சையும் ஆள் முன்னால் உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்பது உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

விஷயம் என்னவென்றால், நன்றாகப் பாடம் நடத்துகிறவர் வீடியோவில் வந்தால் பார்க்கிறவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ஆச்சி கோலம் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் எந்தச் சிக்குக் கோலமும் சுலபம்தான். மாவை நம் கையில் கொடுத்தால் நாலாவது புள்ளியிலேயே இழை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று தெரியாது.

உன் ஸ்டாட்ஸ், அதாவது புள்ளியியல் பாடத்திலிருந்தே ஒன்று எடுக்கிறேன். பையில் ஐந்து வளையல். மூன்று சிவப்பு, இரண்டு பச்சை. பார்க்காமல் ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு இன்னொன்றையும் எடுக்கிறாய். இரண்டுமே சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? வீடியோவில் வருகிறவர் கேள்வியைப் படித்த கையோடு 3/5 என்று எழுதுவார், பக்கத்தில் 2/4 என்று எழுதுவார், பெருக்கி 3/10 என்று முடித்துவிடுவார். நீயும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாய். அவர் எழுதுவதற்கு முன்னால் வீடியோவை நிறுத்திவிட்டு நீயே போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாய்? என் வகுப்பில் பாதிப் பேர் 3/5ஐ 3/5ஆல் பெருக்கி 9/25 என்பார்கள். முதல் வளையல் வெளியே வந்தபிறகு பையில் நாலுதான் இருக்கும், அதில் சிவப்பு இரண்டுதான் மிச்சம் என்பது தெரியாதவர்கள் இல்லை. பேனா பிடித்ததும் மறந்துபோகிறது, அவ்வளவுதான். அப்படி 9/25 என்று எழுதிவிட்டு, வீடியோவை ஓடவிட்டு, அவர் 2/4 என்று எழுதும்போது "அட, ஆமால்ல" என்று தோன்றுகிறதே, அந்தக் கணக்கு பிறகு மறக்காது. எடுத்த வளையலைத் திரும்பப் பைக்குள் போட்டால் உன் 9/25தான் சரியான விடை என்பதும் அப்போதே பிடிபட்டுவிடும். ஒரே தப்பில் இரண்டு கணக்கு.

ஆகவே நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கேள்வி வரும்போதும் நிறுத்து. நோட்டில் போடு. தப்பாக வந்தாலும் போடு. அப்புறம் பார். இருபது நிமிட வீடியோவுக்கு ஐம்பது நிமிடம் ஆகும், ஆகட்டும். ராத்திரியில் நாலு வீடியோ முடித்தேன் என்று கணக்குச் சொல்லாதே. இனிமேல் எத்தனை பக்கம் எழுதினாய் என்றுதான் கேட்பேன்.

இது அம்மா சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒருமுறை படித்துவிட்டுத் தாளை மூடி, நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள்தான் மேலே. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ், மூடிவைத்து எழுதியவர்கள் மேலே. உன் குவிஸ் ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லையே. ஹார்வர்டில் 2013இல் வந்த இன்னொரு ஆய்வு உனக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். புள்ளியியல் வீடியோ ஒன்றைத் துண்டு துண்டாக்கி, நடுநடுவே சின்னக் கேள்விகள் கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்ட மாணவர்களுக்குக் கவனம் வேறு பக்கம் ஓடியது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. உனக்குக் கவனம் சிதறுகிறது என்று உன்னையே திட்டிக்கொள்கிறாய். கையில் வேலை இல்லாவிட்டால் யாருக்குமே சிதறும். எனக்கும் மீட்டிங்கில் சிதறும்.

மறுபக்கத்திலிருந்து இதை நான் ஒரு வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடியபிறகு எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப், கூகுள் மீட் இவைதான் வகுப்பு. கூகுள் மீட்டில் முப்பது பெயர் தெரியும், முகம் ஒன்றும் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்து வினாடி அமைதி, அப்புறம் "மிஸ், நெட் கட்டாயிட்டு மிஸ்". பாதி உண்மை, பாதி பொய், அது எனக்கும் தெரியும் அவர்களுக்கும் தெரியும். ஒரு பிள்ளை இருந்தாள். வீட்டில் ஒரே போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், இரவு ஏழரைக்குத்தான் வரும். அவளுக்குப் பாடம் டிவியில் ஓடுவதுதான். நிறுத்தவும் முடியாது, திரும்ப ஓட்டவும் முடியாது. டிவி முன்னால் நோட்டோடு உட்கார்ந்துகொண்டு, முடிந்ததும் அணைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எல்லாம் எழுதிப் பார்ப்பாளாம். ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் படம் பிடித்து அனுப்புவாள், பாதி வரி கோணல், நடுவில் "இங்க மறந்துட்டேன் மிஸ்" என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. வகுப்பிலேயே அவளுக்குத்தான் கணக்கு நன்றாக நின்றது. போன் இல்லாதது நல்லது என்று சொல்ல வரவில்லை. இல்லாமல் கஷ்டப்பட்டாள், அந்த வருடம் படிப்பையே விட்டவர்களும் உண்டு. நான் சொல்வது அந்தச் சிவப்பு மைக் குறிப்பைப் பற்றி. தனக்கு எது தெரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் புரிகிறது என்று சொல்லும் உனக்கு அது தெரியவில்லை.

சரி, ஹாஸ்டல் விஷயத்துக்கு வருகிறேன். நாலு பேர் இருக்கும் அறையில் எட்டு மணிக்கு எப்படிப் படிப்பது என்று கேட்டாய். படிக்க முடியாது. அந்த நேரத்தில் படிக்க முயற்சி செய்வதும் வேண்டாம், சாப்பிட்டுவிட்டு அவர்களோடு கதை பேசு. மெஸ் மூடியபிறகு அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார வார்டனம்மாவிடம் அனுமதி கேள். ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை போதும். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், கேட்காமல் இருப்பதுதான் உன் வழக்கம். லேப்டாப் மட்டும் எடுத்துப் போ. போன் அறையில் பீரோவுக்குள் இருக்கட்டும். மேசையில் கவிழ்த்துவைத்தால் போதும் என்று நினைக்காதே, கவிழ்த்து வைத்ததை நிமிர்த்த எவ்வளவு நேரம் ஆகும்? நான் கூப்பிட்டாலும் பதினொன்றுக்கு அப்புறம் பார்த்துக்கொள், உயிர் போகிற அவசரம் என்றால் அப்பா ஹாஸ்டல் நம்பருக்குப் பேசுவார்.

வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவதாகவும் சொன்னாய். ஆங்கிலப் பாடத்துக்கு ஓட்டிக்கொள். கணக்குக்கு வேண்டாம்.

அப்புறம் அந்த வாராந்திர அசைன்மெண்ட். குழுவில் விடை வந்துவிடுகிறது, எல்லாரும் அதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்றாய். அசைன்மெண்டில் நூறு, குவிஸில் முப்பது என்றால் அந்த நூறு யாருடையது? வாராவாரம் உனக்கு எது வரவில்லை என்று காட்டுவதற்காகத்தான் அது இருக்கிறது, அதையும் அடைத்துவிட்டால் சென்டரில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும். சாட்ஜிபிடியிடம் கேட்பதும் அப்படித்தான். விடை கேட்காதே. "இந்தத் தலைப்பில் என்னிடம் ஐந்து கேள்வி கேள், நான் போட்ட பிறகு தப்பைச் சொல்" என்று கேட்டுப் பார். அது சொல்லும் விடையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள், அதுவும் சில நேரம் தப்பாக அடித்துவிடும்.

கடைசியாக, நாலு பாடத்தை ஏன் ஒரே தவணையில், அதாவது ஒரே டெர்மில் எடுத்தாய்? எடுக்க அனுமதி உண்டு என்பது சரி. வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அது சரிப்படும். நீ ஒன்பது மணி நேரம் வேலை பார்க்கிறவள். இந்தப் படிப்பின் முதல் கட்டமான அடிப்படை நிலையில் மொத்தம் எட்டுப் பாடம். தவணைக்கு இரண்டு என்றால் நாலு தவணை, வருடத்துக்கு மூன்று தவணை வருகிறது, ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். கட்டணமும் பாடத்துக்கு இவ்வளவு என்றுதான், மெதுவாகப் போவதால் பணம் வீணாகாது, தோற்றுத் திரும்ப எடுத்தால்தான் வீண். அப்பா இதை ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டு, "அவ ரெண்டே எடுக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லமாட்டார், நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த தவணைக்குக் கணக்கு ஒன்று, இலகுவானது ஒன்று என்று ஜோடி சேர்த்து எடு.

இந்தத் தவணைக்கு நாலையும் இழுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டாவது குவிஸுக்கு ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை என்றாயே. புதிதாக ஒரு வீடியோவும் பார்க்காதே. அந்த நாலு வாரக் கணக்கை வெள்ளைத்தாளில், நேரம் வைத்து, போட்டுப் பார். நிற்கும் இடத்துக்கு மட்டும் வீடியோவுக்குத் திரும்பிப் போ.

அடுத்த வாரம் மாமா கோயம்புத்தூர் வருகிறார். நாலு லாங் சைஸ் நோட்டு, ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிடுகிறேன். முறுக்கை அறைப் பிள்ளைகளுக்கும் கொடு. ஹால் டிக்கெட்டை இப்போதே பிரிண்ட் எடுத்துவை, போன தடவை மாதிரி காலையில் கடை தேடி அலையாதே. குவிஸ் முடிந்து வெளியே வந்ததும், எந்தெந்தக் கேள்வியில் நின்றுபோனாய் என்பதை மறப்பதற்குள் எழுதி எனக்கு அனுப்பு. மார்க் பிறகு வரட்டும், அந்தக் கேள்விகளை நானும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா