‘சிங்கப்பூர் வேலை’ வீடியோ போடும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும், உங்களில் இருக்கும் சில தங்கைகளுக்கும்,

வணக்கம். தேக்கா சந்தைப் பக்கமும் பெஞ்சுரு பொழுதுபோக்கு நிலையத்திலும் கைப்பேசியை நீட்டிப் பிடித்து "ஹாய் மக்களே" என்று ஆரம்பிக்கிறவர்கள் நீங்கள். உங்களில் பலரைத் திரையில் பார்த்தே எனக்குப் பழக்கம். நான் இங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கிறேன். பெர்மிட் விண்ணப்பம், சம்பளம், ஓடி (கூடுதல் நேர வேலை) கணக்கு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவரிடம் "யார் மூலமா வந்தே தம்பி?" என்று கேட்டால் முன்பெல்லாம் மாமா, மச்சான், பக்கத்து ஊர் ஏஜென்ட் என்று பதில் வரும். இப்போது "வீடியோ பார்த்து வந்தேண்ணே" என்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

வீடியோ போடுவதே வேலை கெட்ட வேலை என்று பேசுகிற ஆள் இல்லை நான். டோர்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், பன்னிரண்டு பேர் சேர்ந்து குழம்பு வைக்கிறதைக் காட்டினீர்கள். லோரியில் உட்கார்ந்து போகிற விடிகாலையைக் காட்டினீர்கள். ஊருக்குப் பணம் அனுப்ப எந்தச் செயலியில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுச் சொன்னீர்கள். 2020 ஜூனில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்த பிறகு, இங்கே எடுத்த வீடியோவை ஊர்க்காரர்கள் பார்ப்பதற்காக ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் திரும்ப ஏற்றினீர்கள். மகன் எப்படி இருக்கிறான் என்று தெரியாமல் இருந்த அம்மாக்களுக்கு அது பெரிய விஷயம். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு ராத்திரி படுக்கையில் உட்கார்ந்து எடிட் செய்கிற உழைப்பும் எனக்குத் தெரியும்.

பிரச்சினை வேறொரு வகை வீடியோவில். மரினா பே சாண்ட்ஸ் பின்னால் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு தொழிற்சாலைப் பகுதியான துவாஸில் உள்ள வேலையை விற்கிறீர்கள். முகப்புப் படத்தில் சிவப்பு அம்புக்குறி, கட்டுக் கட்டாக நோட்டு. "உடனடித் தேவை, படிப்பு வேண்டாம், ஏஜென்ட் இல்லை." வேண்டுமென்றால் கமெண்டில் ‘ஜாப்’ என்று போட வேண்டும், நம்பர் டிஸ்கிரிப்ஷனில் இருக்கும். ஆயிரம் பேர் ‘ஜாப்’ என்று போட்டால் அந்த வீடியோவில் ஏதோ இருக்கிறது என்று எண்ணி தளம் அதை இன்னும் பத்தாயிரம் பேருக்குத் தள்ளிவிடும். வேலை நிஜமா பொய்யா என்று அதற்குத் தெரியாது. பார்க்கிறவனுக்கும் தெரியாது. ஆனால் பேசுகிறவர் நம்ம ஊர்த் தமிழ் பேசுகிறார், அதே டோர்மில் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் நிலப்பத்திரம் அடகுக்குப் போகிறது.

அண்மைய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 2025 செப்டம்பர் 1 முதல் மனிதவள அமைச்சு, என்டிஎஸ் தொழில் பட்டியலை, அதாவது சேவை, உற்பத்தித் துறைகளில் இந்தியா போன்ற நாடுகளிலிருந்தும் ஆள் எடுக்க அனுமதியுள்ள வேலைகளின் பட்டியலை, விரிவாக்கியது. அதற்கு முன்பே 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இருந்தது. இப்போது எல்லா வகைச் சமையல்காரர்கள், கனரக வாகன ஓட்டுநர்கள், உற்பத்தித் துறையில் இயந்திரம் இயக்குகிறவர்கள் என்று கூடியது. நல்ல செய்திதான். உடனே "இந்தியர்களுக்குக் கதவு திறந்தாச்சு" என்று வீடியோக்கள் கிளம்பின. அதே அறிவிப்பில் இருக்கிற மற்ற இரண்டு விஷயங்களை எத்தனை பேர் சொன்னீர்கள்? இந்த வேலைகளுக்கு மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலையாகக் கொடுத்தாக வேண்டும். இப்படி எடுக்கும் ஆட்கள் ஒரு நிறுவனத்தின் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், எத்தனை மாஸ்டருக்கு இடம் வருகிறது என்று. "நூறு குக் தேவை" என்று ஒருவர் சொன்னால் அந்த நூறு பேரை எந்தக் கடை எடுக்கப் போகிறது என்று கேட்க வேண்டிய முதல் ஆள் நீங்கள்.

2025 ஜூலை 1 முதல் வேலை பெர்மிட்டுக்கு இருந்த அதிகபட்ச ஆண்டு வரம்பை எடுத்துவிட்டார்கள், வயது வரம்பையும் 63 ஆக்கினார்கள். அதையும் சிலர் "இனிமேல் ஆயுசுக்கும் சிங்கப்பூர்" என்று தலைப்பு வைத்துப் போட்டார்கள். பெர்மிட்டைப் புதுப்பிப்பது முதலாளி கையில் இருக்கிறது என்கிற பாதி எங்கே போனதோ!

அடுத்தது சம்பளம். என் துறை என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுமான வேலைக்கு வருகிற ஒருவருக்கு ஐபிஏ கடிதத்தில் (பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதம்) அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரம் 44 மணி நேரம் சாதாரண வேலை. மணிக்கணக்கு எடுக்க 600ஐ 12ஆல் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும்; 3 வெள்ளி 15 காசு சுமார் வரும். ஓடிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 4 வெள்ளி 72 காசு. மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி செய்யச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. 72 மணி நேரமும் செய்தால் 340 வெள்ளி. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். நான்கு ஞாயிறும் விடாமல் செய்தால் இன்னொரு 185. எல்லாம் சேர்த்து 1,125 வெள்ளி. ஒரு ஞாயிறு கூட லிட்டில் இந்தியா பக்கம் தலைகாட்டாமல், காய்ச்சல் என்று ஒரு நாள் படுக்காமல் உழைத்தால் வருகிற தொகை இது. நீங்கள் வீடியோவில் சொல்கிற "கையில 1,800" எந்தக் கணக்கில் வருகிறது? அதையும் ரூபாயில் மாற்றி "லட்ச ரூபாய் சம்பளம்" என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். சாப்பாட்டுச் செலவை மட்டும் ஏனோ யாரும் ரூபாயில் மாற்றிக் காட்டுவதில்லை.

கேட்டால் "அண்ணே, நான் இன்ஃபர்மேஷன் மட்டும்தான் குடுக்கறேன்" என்பீர்கள். சும்மா பேசிவிட்டுப் போனால் சரி. ஆனால் வாட்ஸ்அப்பில் பயோடேட்டா வாங்குகிறீர்கள், பாஸ்போர்ட் நகல் வாங்குகிறீர்கள், அதை ஒருவருக்கு அனுப்புகிறீர்கள். சிலருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வருவதும் ஊரறிந்த விஷயம். ஒருவருக்கு வேலை வாங்கித் தரும் நோக்கத்தோடு அவருடைய விவரங்களைத் திரட்டுவதையும் அனுப்புவதையும் சிங்கப்பூரின் வேலை முகவைச் சட்டம் முகவர் வேலையாகத்தான் பார்க்கிறது. உரிமம் இல்லாமல் அதைச் செய்தால் 80,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நீங்களும் பெர்மிட்டில் இருக்கிறவர் என்றால் இங்கே உங்கள் பிழைப்பே போய்விடும். உங்களுக்கு நம்பர் கொடுத்த அந்த ‘சார்’ அப்போது போனை எடுப்பார் என்று நினைக்கிறீர்களா?

பணம் விஷயத்தில் சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் உங்கள் வீடியோக்களில் அது வருவதே இல்லை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் ஊழியரிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டும் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளியே ஊழியரிடம் காசு வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை, முதலாளி கட்ட வேண்டியது, அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அப்படியிருக்க, ஊரில் கைமாறுவது லட்சக் கணக்கில். 600 வெள்ளி அடிப்படைச் சம்பளக்காரன் அதை அடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று மேலே உள்ள கணக்கை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்பீர்கள். வேலை பற்றிப் பேசினால் முகவரின் பெயரும் உரிம எண்ணும் திரையில் இருக்கட்டும். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் முகவர் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். முகவர் நிறுவனத்தில் வேலை செய்கிறவருக்கும் தனிப் பதிவு எண் உண்டு. எண் கேட்டதும் ஒருவர் மழுப்பினால் அவருக்கு வீடியோ போடாதீர்கள், அவ்வளவுதான். ஊர்ப் பக்கத்து முகவர் என்றால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றை நடத்துகிறது. அதைப் பற்றி ஒரு வீடியோ போட்டால் குறைந்தா போவீர்கள்?

அப்புறம் ஐபிஏ. விமானம் ஏறுவதற்கு முன்பே ஊழியர் கைக்கு வர வேண்டிய கடிதம் அது, அவருக்குப் புரிகிற மொழியில். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதில் உள்ள சம்பளத்தை ஊழியரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. அது உண்மையானதுதானா என்று அமைச்சின் தளத்திலேயே சரிபார்க்கலாம். வந்து சேர்ந்த பிறகு பெர்மிட் அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியில் ஸ்கேன் செய்தால் பெர்மிட் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட ரீல்ஸுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. "பணம் கட்டுவதற்கு முன்னால் ஐபிஏவில் இந்த மூன்று வரியைப் பாருங்க மக்களே" என்று ஒருவர் போட்டுக் காட்டட்டும், நான் முதல் ஆளாகப் பகிர்கிறேன்.

காசு வாங்கித்தான் பேசினீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். யூடியூபில் கட்டண விளம்பரம் உள்ளது என்று குறிக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, இன்ஸ்டாகிராமிலும் அதற்கு வசதி உண்டு. சோப்புக்கும் ஷாம்புவுக்கும் அதைத் தட்டுகிற நீங்கள், ஒருவனுடைய இரண்டு வருடச் சம்பாத்தியம் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் மறந்துபோவது நியாயமா?

கடைசியாக, பழைய வீடியோக்கள். நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான வேலை அனுமதியான எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2022 செப்டம்பரில் 3,000 வெள்ளி, 2023 செப்டம்பரில் 3,150, 2025 செப்டம்பரில் 3,300 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் 3,000 என்று சொல்கிற வீடியோ இன்றைக்கும் புதுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ யாரோ ஒருவருடைய திரையில் புதுசு மாதிரி வந்து நிற்கிறது. அதற்குக் கீழே போன வாரம் கூட ‘ஜாப்’ என்று கமெண்ட் விழுந்திருக்கும். இந்த வாரம் நேரம் கிடைத்தால் உங்கள் பழைய பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள். விதி மாறிவிட்டதை நீக்குங்கள், அல்லது முதல் கமெண்டில் தேதியோடு ஒரு திருத்தம் எழுதிப் பின் செய்து வையுங்கள். யாருடைய நம்பர் என்றே இப்போது உங்களுக்கு நினைவில்லாத நம்பர் டிஸ்கிரிப்ஷனில் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பூன் லேயில் குடியிருக்கும் கட்டுமான அலுவலக ஊழியர் ஒருவர்