மூன்று மணிக்குக் கிளம்பும் சைக்கிள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 3 உலக சைக்கிள் தினத்தையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சைக்கிளில் வேலைக்குப் போனால் தொப்பை குறையும், பிரஷர் குறையும், பெட்ரோல் செலவு மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். எதுவும் தப்பில்லை. கூடப் போட்டிருந்த படத்தில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு தம்பி, முதுகில் லேப்டாப் பையோடு கியர் சைக்கிளில் சிரித்துக்கொண்டே போனார். நல்லா இருக்கட்டும். நான் இருபத்தெட்டு வருடமாக சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். எனக்குத் தொப்பை கிடையாது. போகும்போது சிரிப்பு வரும், திரும்பும்போது வராது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டில் குடியிருக்கிறேன். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. வெயில் ஏறிவிட்டால் பாத்திக்குள் நிற்க முடியாது என்பதால் சீசனில் விடியற்காலை மூன்று மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவோம். திருச்செந்தூர் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர், அப்புறம் அளத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வாரத் தொடங்கினால், முடிய பதினொன்று பதினொன்றரை ஆகும். பெண்கள் அதே உப்பைத் தலையில் சுமந்து கரையில் கொட்டுவார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரிய உதவிதான். ஆனால் மூன்று மணிக்கு பஸ் இருந்தால்தானே? அதனால் அவர்களும் சைக்கிள்தான். பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளை, பிள்ளை படிப்பை முடித்ததும் அம்மா எடுத்துக்கொள்வாள். எங்கள் அளத்துக் கரையில் நிற்கிற சைக்கிள்களில் பாதி அப்படி வந்தவை.

காலையில் போவது சுகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். காற்று குளிர்ச்சியாக இருக்கும். ஏழு கிலோமீட்டர் மிதிப்பதற்குள் முந்தின நாள் இடுப்புப் பிடிப்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நாலைந்து பேர் சேர்ந்து பேசிக்கொண்டே போவோம். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் வண்டி வாங்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். (பணமும் இல்லை என்பது வேறு விஷயம்.)

திரும்பி வருவதுதான் பாடு. ஏழு மணி நேரத்துக்கு மேல் குனிந்து இழுத்த தோள்பட்டை, ஹேண்டில்பாரைப் பிடித்ததும் மரத்துப்போகும். உப்பின் வெள்ளையையே பார்த்துப் பார்த்து, ரோட்டில் ஏறும்போது கண்ணுக்கு எல்லாமே வெளுப்பாகத் தெரியும். கால் வெடிப்பைச் சொல்லவே வேண்டாம். பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு வெளியே வந்திருந்தால், ஒவ்வொரு மிதிக்கும் அது வெடிப்புக்குள் போய் அழுத்தும். பழைய டியூபை வெட்டிப் பெடலில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

இந்த ஆனி, ஆடியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று. கடற்கரைக்காரர்கள் கச்சான் என்பார்கள். அளம் ரோட்டுக்குக் கிழக்கே இருப்பதால் மண்பாதை முழுக்க எதிர்காற்று, இறங்கி உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். ரோட்டில் ஏறி வடக்கே திரும்பினால் தொல்லை விட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. நாங்கள் இடது ஓரமாக வருகிறோம், காற்றும் இடது பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. அதாவது நடு ரோட்டைப் பார்த்துத் தள்ளுகிறது. அங்கே உப்பு லாரியும் திருச்செந்தூர் வேனும் பறந்துகொண்டிருக்கும்.

போன வருடம் ஆடியில் எனக்கே நடந்தது. காற்றுக்குப் பயந்து தார் விளிம்பை ஒட்டியே வந்துகொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு, ஒரு கணம் கண் அசந்துவிட்டது. முன்சக்கரம் தாரை விட்டு இறங்கியது. அந்த இடத்தில் தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் பள்ளம். மேலே ஏற்றப் பார்த்து, ஏறாமல் ரோட்டுப் பக்கமாகவே விழுந்தேன். பின்னால் வந்த லாரி டிரைவர் பிரேக் போட்டார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் இறங்கி வந்து திட்டினார். அப்புறம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

முழங்கைக்குக் கட்டுப் போடப் போன இடத்தில் டாக்டர், “உடற்பயிற்சி ஏதாவது செய்றீங்களா?” என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. நர்சிங் படிக்கிற என் மகளிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது, அவள் போனில் ஒன்றை எடுத்து வாசித்துக் காட்டினாள். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்து வருடம் போலப் பின்தொடர்ந்து பார்த்து, 2021இல் வெளியிட்ட ஆய்வு. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு மாரடைப்பும் சாவும் குறைவாக இருந்ததாம். வேலையிலேயே உடம்பை முறிப்பவர்களுக்கு அதிகமாக இருந்ததாம். உடம்பு அசைவது ஒன்றாகத் தெரிந்தாலும் ஒருவருக்குப் பயிற்சி, மற்றவருக்குத் தேய்மானம். அந்த லேப்டாப் தம்பிக்கு நீங்கள் எழுதியதை அப்படியே எங்களுக்கும் எழுதியதாக எடுத்துக்கொள்ள முடியாது, ஐயா.

எங்கள் உடம்பு மட்டுமில்லை, சைக்கிளும் தேய்கிறது. அதன் மேல் தெறிப்பது சாதாரணக் கடல் தண்ணீர் இல்லை. கடல் தண்ணீரைப் போல ஏழு மடங்கு உப்பேறிய பாத்தித் தண்ணீர். காய்ந்ததும் ரிம்மில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். போக்ஸ் கம்பி வேரிலேயே அறுந்துபோகும். தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், அதற்கு வீட்டில் தினமும் ஏச்சு வாங்குகிறேன். போன மாதம் ஓவராயில் பண்ணக் கொடுத்தபோது கடைக்காரர் சக்கரத்துக்குள் இருக்கிற பால்ஸ் குண்டுகளைக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது சைக்கிள் இல்ல, கருவாடு” என்றார். அட்லஸ் சைக்கிள். அந்தக் கம்பெனியின், டெல்லி பக்கத்தில் இருக்கிற சாகிபாபாத் ஆலை மூடப்பட்டதும் ஒரு ஜூன் 3இல்தான், 2020இல். உங்கள் கட்டுரையைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

சைக்கிளை மறந்துபோன மக்களை மறுபடி ஏற்றிவிட வேண்டும் என்று கட்டுரை முடிந்திருந்தது. யார் மறந்தது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக மற்ற வேலைக்குப் போகிறவர்களில், நாடு முழுவதும் 100க்கு 13 பேர் சைக்கிள் என்று சொன்னார்கள். இப்போது குறைந்திருக்கலாம். மிச்சமிருப்பவர்கள் யார் என்று பார்த்தால் கொத்தனார், சித்தாள், லோடுமேன், எங்களைப் போன்றவர்கள்தான்.

எங்களுக்குத் தனிப் பாதை போடுங்கள் என்று கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. தார் போடுகிறவர்கள் ஓரத்தில் மண்ணையும் நிரப்பி மட்டம் பண்ணிவிட்டுப் போகட்டும். இன்னொன்று, தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களின் பையில் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேலை. அதில் மிச்சமாகிற சுருளை ஒருநாள் விடியற்காலையில் ரோட்டோர டீக்கடைக்குக் கொண்டுவந்தால் போதும். அரை மணி நேரத்தில் அத்தனை சைக்கிள் மட்கார்டிலும் ஒட்டிவிடலாம், நானே நின்று ஒட்டித் தருகிறேன். உங்கள் போட்டோகிராபரையும் கூட அனுப்புங்கள். மூன்றே காலுக்குள் வந்துவிடச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு யாரும் நிற்க மாட்டோம்.

என் சைக்கிள் இன்றைக்குக் கடையில் கிடக்கிறது. பின்சக்கரத்தில் மூன்று கம்பி போய்விட்டது. நாளைக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியின் கேரியரில்தான் போக வேண்டும். எட்டு மணிக்கே படுத்துவிடுவான், அதற்குள் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
உப்பளத் தொழிலாளி ஒருவர்,
முள்ளக்காடு, தூத்துக்குடி மாவட்டம்.