முல்லைத்தீவுக்கு எங்களை அனுப்பியவர்களுக்கும் அங்கே ஏற்றுக்கொண்டவர்களுக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் கடலூர் முதுநகர் வாலிபர் ஐக்கியத்தின் ஸ்தோத்திரங்கள்.

ஆகஸ்டில் இலங்கைக்கு ஊழியப் பயணம் போன எங்கள் வாலிபப் பிள்ளைகள் எல்லாரும் சுகமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிவில் மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருகிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. கூடவே போய் வந்தவன் என்ற முறையில், யார் என்ன செய்தார்கள் என்பதை எழுத்திலேயே வைத்துவிட நினைக்கிறேன்.

பணத்தில் தொடங்குகிறேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பரங்கிக்காய் வந்தது நினைவிருக்கும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே. கை மாற மாற ஒவ்வொரு தடவையும் காசு பயணக் கணக்கில் ஏறியது. பெண்கள் ஐக்கியத்தார் விடியற்காலையில் எழுந்து பிரியாணி பொட்டலம் கட்டி விற்றுக் கொடுத்தார்கள். துறைமுகத்தில் கூடை வைத்து மீன் விற்கும் அம்மா ஒருவர், நம் சபையைச் சேர்ந்தவர்கூட இல்லை, ஒரு நாள் விற்ற காசை அப்படியே எங்கள் கையில் வைத்தார். அதில் மீன் செதில் ஒட்டியிருந்தது. லீவு கொடுத்த பேராசிரியர்களுக்கும் முதலாளிகளுக்கும், பாஸ்போர்ட், விசா படிவங்களை நாலு முறை சலிக்காமல் சரிபார்த்துக் கொடுத்த அண்ணனுக்கும் நன்றி. அங்கே பள்ளிக்கூடங்களுக்கு ஆகஸ்டில் விடுமுறை. நமக்கோ கல்லூரி நடக்கிற நேரம். நீங்கள் விட்டுக்கொடுத்திராவிட்டால் யாராலும் கிளம்பியிருக்க முடியாது.

வழியனுப்பு ஜெபத்தில் ஆயர் ஐயா சொன்னதைப் பிள்ளைகள் பயணம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள். ஸ்வீடன் நாட்டவரான கிர்நாந்தர் 1740-ல் கடலூருக்கு வந்து ஊழியம் செய்தார். 1758-ல் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்த பிறகு கல்கத்தாவுக்குப் போனார். யாரோ பெற்ற பிள்ளையை இந்த ஊர் பதினெட்டு வருஷம் வைத்துக்கொண்டது, இன்று நம் பிள்ளைகளை இன்னொரு ஊர் வைத்துக்கொள்ளப்போகிறது என்றார் ஐயா.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். பல ஆண்டுகள் நின்றுபோயிருந்து 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கிய வழி அது. கடல் அமைதியாக இருந்தால் நான்கு மணி நேரப் பயணம். நாங்கள் போன அன்று காற்று அதிகம் என்று கப்பலை எடுக்கவில்லை. மூட்டை முடிச்சோடு நின்ற எங்களை நாகையில் ஒரு சபையார் தங்கள் பாலர் பள்ளி அறையைத் திறந்து படுக்கவைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். இரவு பத்து மணிக்கு மேல் சுடச்சுட உப்புமா கிண்டிக் கொடுத்த அந்தப் போதகர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் மருத்துவமனையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தவர். பாட நூல்களையும் தமிழில் கொண்டுவந்தவர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு நர்சிங் கல்லூரியில் திணறிக்கொண்டிருக்கும் எங்கள் தங்கை ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் அந்த வளாகத்தை விட்டு வரவே இல்லை. அவளுக்குப் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக் காட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா நீண்ட நாள் வாழ வேண்டும்.

அப்புறம் ஆனையிறவு தாண்டி, பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஞாயிறு பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தோம், ஒயரிங் தெரிந்த தம்பி மின்விசிறிகளை மாட்டினான், பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினோம். பாட்டும் கதையும் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம், கிளித்தட்டு விளையாட்டை அவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாலையில் இரண்டிரண்டு பேராக வீடுகளைச் சந்திக்கப் போனோம்.

அப்படிப் போன ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சுவரில் மூன்று படங்கள். அந்த அம்மாவின் கணவரும் மகளும் 2004 டிசம்பர் 26 அலையில் போனவர்கள். மகன் 2009-ல், யுத்தத்தின் கடைசி மாதங்களில். மகனின் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. தோள்பட்டைக்கு மேல் முத்திரையின் பாதி வட்டம் அப்படியே தெரிகிறது. என்னோடு வந்த தம்பி தேவனாம்பட்டினத்துப் பிள்ளை. சுனாமி வந்தபோது அவன் கைக்குழந்தை, அவன் பாட்டி அன்று அலையோடு போனவர். அதை அவன் மெதுவாகச் சொன்னான். ஆறுதல் சொல்லத்தான் போயிருந்தோம், ஆனால் அந்த அம்மா எழுந்து வந்து அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். தன் வீட்டு மூவரின் பெயரோடு அவன் பாட்டியின் பெயரையும் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி செலுத்தினார். அம்மா, நீங்கள் செய்த அந்த ஒரு ஜெபத்துக்கு எங்கள் ஊர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அங்குள்ள மீனவர்களுக்கு நம் பக்கத்து இழுவை மடிப் படகுகளால் ஏற்படுகிற நஷ்டம் சாதாரணமானதல்ல. கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் மடி, மீன் குஞ்சுகளையும் அவர்கள் விரித்து வைத்திருக்கும் வலைகளையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. இலங்கை 2017-லேயே இந்த முறையைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் மீனவர்கள் அங்கே பிடிபட்டுச் சிறையில் இருக்கும் செய்தி இங்கே வருகிறது, அதற்காக ஜெபிக்கிறோம். வலை போன அவர்களுடைய வீட்டு அடுப்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்த ஒரு மீனவர் கிழிந்த வலையை முற்றத்தில் விரித்துக் காட்டினார். “எங்கட வலை எல்லாம் உங்கட இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகுது, தம்பி. அது வேற கதை. நீங்கள் எங்கட பிள்ளையள். முதல்ல சாப்பிடுங்கோ” என்றார். புட்டும் மீன் குழம்பும். அந்த வீட்டில் அன்று இருந்த மீன் முழுவதும் எங்கள் தட்டுகளுக்கு வந்துவிட்டது என்பது சட்டி கழுவப் போன பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் எங்கள் தேவனாம்பட்டினத்துத் தம்பி வலை ஊசியைக் கேட்டு வாங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். இருட்டும்வரை இரண்டு பேருமாகக் கிழிசலைப் பின்னினார்கள்.

எங்களை வெறுக்க அவருக்குக் காரணம் இருந்தது. அப்படி இருந்தும் பந்தி வைத்தார். இந்தப் பயணத்தில் யாருக்கு அதிகம் நன்றி சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டால் அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் சொல்லுவேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் விசைப்படகு உரிமையாளர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச வாலிபர் ஐக்கியம் நேரம் கேட்டிருக்கிறது. மறுக்காமல் வாருங்கள், அண்ணன்மாரே.

முல்லைத்தீவு போதகர் ஐயாவுக்கும், எங்கள் துணிகளைத் துவைத்துப் போட்ட அக்காமாருக்கும், பெண் பிள்ளைகளைத் தன் மகள்களோடு படுக்கவைத்துக்கொண்ட குடும்பத்துக்கும், வேன் ஓட்டிய அண்ணனுக்கும் மனதார நன்றி. அவர் கிளிநொச்சியில் நிறுத்தி வாங்கிக் கொடுத்த பாணும் (நம் ஊர் ரொட்டிதான்) சம்பலும் எல்லாருக்கும் நாக்கிலேயே இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. மீதமான தொகையில் அந்த ஞாயிறு பள்ளிக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்கி அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் நல்ல நிலையில் கதைப் புத்தகம் இருந்தால் நீங்களும் கொண்டுவந்து கொடுக்கலாம். டிசம்பர் 26 நினைவு ஆராதனையில் முல்லைத்தீவில் இறந்தவர்களையும் சேர்த்து நினைக்க ஆயர் ஐயா சம்மதித்துவிட்டார். அடுத்த வருஷம் அங்கிருந்து வாலிபர் குழு ஒன்று இங்கே வர விரும்புகிறது. தங்கவைக்க வீடு கொடுக்க முன்வருகிறவர்கள் இப்போதே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
வாலிபர் ஐக்கியத்தாருக்காக,
கடலூர் முதுநகர்